பையைத் திறந்தது சரி, போனைத் திறந்தது?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மகன் இங்கே அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. போன மாதம் கணக்குப் பரீட்சை அன்று, "இவன் பையில் பவுடர் வைத்திருக்கிறான்" என்று யாரோ ஒரு மாணவன் போய்ச் சொல்லியிருக்கிறான். துணை முதல்வர் வகுப்பிலிருந்து கூப்பிட்டுப் போய்ப் பையைத் துழாவியிருக்கிறார். ஜாமெட்ரி பாக்ஸில் என் மாமியார் கொடுத்தனுப்பிய திருச்செந்தூர் இலை விபூதி இருந்தது. அப்புறம் பாக்கெட்டைக் காலி செய்யச் சொல்லி, ஷூ, சாக்ஸ் கழற்றச் சொல்லி, போனை வாங்கிப் பாஸ்கோடு கேட்டு, இருபது நிமிடம் பார்த்திருக்கிறார்கள். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட வைத்திருக்கிறார்கள். எங்களுக்குச் சாயங்காலம்தான் போன் வந்தது. தண்டனை இல்லை, எச்சரிக்கை மட்டும் என்றார்கள். ஆனால் பையன்கள் இப்போது அவனைப் "பவுடர்" என்று கூப்பிடுகிறார்கள். இவர்கள் செய்தது சட்டப்படி சரியா? புகார் கொடுக்கலாமா? கிரீன் கார்டு வேலை நடக்கிற நேரத்தில் வம்பு வேண்டாம் என்கிறார் என் கணவர். இன்னொன்று, பள்ளி வாசலில் புதிதாக மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறார்கள். மகன் இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாணுக்குத் தினமும் சத்தம் போடுகிறது. வரிசையில் எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்களாம். என்ன செய்வது?
– ஒரு அம்மா, நியூ ஜெர்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இலை விபூதியை அந்தத் துணை முதல்வரின் கண்ணால் ஒரு நிமிடம் பாருங்கள். காய்ந்து பழுப்பேறிய ஒரு இலை, நன்றாக மடித்தது. பிரித்தால் உள்ளே வெள்ளைப் பொடி. அதுவும் பதினைந்து வயதுப் பையனின் பெட்டியில், காம்பஸுக்கும் அழிரப்பருக்கும் நடுவில். பன்னீர் இலையைப் பற்றி அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஆனால் போனை இருபது நிமிடம் பார்த்தார்கள் என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பள்ளி விவகாரங்கள் பார்க்கும் வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன். அன்று நடந்ததை ஒரே சோதனையாகப் பார்க்காதீர்கள். பை ஒன்று, பாக்கெட்டும் ஷூவும் ஒன்று, போன் ஒன்று, கையெழுத்து ஒன்று. சட்டம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காரணம் கேட்கும். "மொத்தத்தில் சரியா தப்பா" என்று நீங்கள் பள்ளியில் போய்க் கேட்டால், பையைக் காட்டியே மொத்தத்தையும் நியாயப்படுத்திவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா முழுக்கச் செல்லுபடியாகும் தீர்ப்பு பிறந்ததே நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் பிஸ்காட்டவேயில்தான். 1980 மார்ச் 7. பிஸ்காட்டவே உயர்நிலைப் பள்ளியின் கழிப்பறையில் இரண்டு மாணவிகள் சிகரெட் பிடித்ததை ஓர் ஆசிரியை பார்த்து, துணை முதல்வர் சாப்லிக்கிடம் அழைத்துப் போனார். ஒருத்தி ஒத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு 14 வயது. நான் சிகரெட்டே பிடிப்பதில்லை என்று சாதித்தாள். சாப்லிக் அவளுடைய கைப்பையைத் திறந்தார். மேலேயே சிகரெட் பாக்கெட். அதை எடுக்கும்போது அடியில் சுருட்டும் தாள் தெரிந்தது. இது கஞ்சாவுக்கு ஆயிற்றே என்று மேலும் துழாவினார். கொஞ்சம் கஞ்சா, ஒரு பைப், ஒற்றை டாலர் நோட்டுகள் ஒரு கத்தை, யார் யார் எனக்குப் பணம் தரவேண்டும் என்று எழுதிய ஒரு அட்டை, இரண்டு கடிதங்கள். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1983-ல் அந்தப் பெண் பக்கம் நின்றது. 1985 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதைப் புரட்டிப் போட்டது. பெண் சிறுமி என்பதால் பெயரின் முதலெழுத்துகள் மட்டும், டி.எல்.ஓ. வழக்கு என்பார்கள்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பாதி உண்டு. பள்ளிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: போலீஸுக்கு வேண்டிய அளவு ஆதாரமோ வாரன்ட்டோ பள்ளிக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும். இரண்டாம் பாதிதான் உங்களுக்கு வேண்டியது. சோதனையைத் தொடங்க ஒரு காரணம் வேண்டும், அது எவ்வளவு தூரம் போகிறது என்பதும் அந்தக் காரணத்தோடு பொருந்த வேண்டும், பிள்ளையின் வயது, அது ஆணா பெண்ணா, தப்பு எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். சாப்லிக் ஒவ்வொரு படியாகத்தான் இறங்கினார். சிகரெட்டைத் தேடப் போய்த் தாள் கண்ணில் பட்டது, தாள் கிடைத்தது அடுத்ததைத் தேடக் காரணமாயிற்று.

இனி உங்கள் மகன். ஒரு மாணவன் சொன்னதை நம்பிப் பையைத் திறந்தார்கள். இதை எதிர்த்து நான் வாதாட மாட்டேன். 2009-ல் அரிசோனாவிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ரெடிங் வழக்கும் இதே மாதிரிதான் தொடங்கியது. 13 வயதுப் பெண்ணிடம் மாத்திரை இருக்கிறது என்று சக மாணவி சொன்னாள். மாத்திரை என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபென், ஊரில் பல்வலிக்குப் போடும் ப்ரூஃபென்தான். பையைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நர்ஸ் அறைக்குக் கூட்டிப்போய் உள்ளாடை வரை இழுத்துக் காட்டச் சொன்னார்கள், அங்கும் ஒன்றுமில்லை. நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொன்னது: பை வரைக்கும் சரி, உள்ளாடை அக்கிரமம். அங்கே ஒளித்திருக்கிறாள் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை, இரண்டு அட்விலுக்குச் சமமான மாத்திரையால் யாருக்கும் பெரிய ஆபத்தும் இல்லை.

ஆகவே பை சரி. பெட்டிக்குள் இலையும் பொடியும் கிடைத்த பிறகு பாக்கெட்டும் ஷூவும் பார்த்ததையும் பெரும்பாலான நீதிபதிகள் ஏற்றுக்கொள்வார்கள். உங்களுக்குக் கசக்கும், ஆனாலும் அதுதான் நிலவரம்.

இங்கே நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். சாக்ஸோடு நிறுத்தினார்களா என்று மகனிடம் கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் "ம்", "ஒண்ணுமில்லம்மா" என்பதைத் தாண்டி வராது. கார் ஓட்டும்போது அப்பா கேட்கட்டும், முகத்தைப் பார்க்காமல் பேசும்போது இந்த வயதுப் பையன்கள் சொல்லிவிடுவார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், நியூ ஜெர்சியில் பள்ளி ஊழியர் எவரும் எந்தச் சூழ்நிலையிலும் மாணவனின் ஆடையைக் களைந்து சோதனை போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ரெடிங் தீர்ப்பில் "காரணம் இருந்தால்" என்ற வால் உண்டு, நம் மாநிலச் சட்டத்தில் அந்த வால் கிடையாது. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இந்தப் பதிலை மூடி வைத்துவிட்டு நாளைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

போன் விஷயம் வேறு. கைது செய்யப்பட்டவன் போனைக்கூடப் போலீஸ் வாரன்ட் இல்லாமல் பார்க்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல், ரைலி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கும் அதே அளவுகோல் என்று உச்ச நீதிமன்றம் இன்னும் சொல்லவில்லை, பள்ளிக்கு டி.எல்.ஓ. அளவுகோல்தான். ஆனால் அந்த அளவுகோலின்படியே போன் சோதனைகள் தோற்றிருக்கின்றன. கென்டக்கியில் வகுப்பில் மெசேஜ் அனுப்பிய மாணவனின் போனைத் திறந்து படித்தார்கள். அவனுக்குப் போதைப் பழக்கம் இருந்தது, மன அழுத்தம் இருந்தது, அதனால் கவலைப்பட்டோம் என்றது பள்ளி. அந்தப் பொதுக் கவலை போதாது என்று 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் 2006-லேயே ஒரு தீர்ப்பு உண்டு: போனை வெளியே எடுத்தான் என்று பறித்தது சரி, அதற்குள் போய் மெசேஜ் படித்ததும், அதிலிருந்து மற்ற மாணவர்களைக் கூப்பிட்டுப் பார்த்ததும் சரியில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் பள்ளி என்ன சொல்லும்? பொடி கிடைத்தது, விற்கிறானா என்று பார்த்தோம் என்பார்கள். அப்படியென்றால் அந்த வாரத்து மெசேஜ்களை இரண்டு நிமிடம் பார்த்ததற்கு ஒரு சாக்கு இருக்கும். இருபது நிமிடம் போனைப் புரட்டியதற்கு என்ன சாக்கு? அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சாட்சி அந்தப் போனிலேயேகூட இருந்திருக்கலாம். "நீறு பூசிக்கிட்டுப் போ ஐயா" என்று ஆச்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தால், அது தமிழில் இருந்திருக்கும், அவர்கள் படித்திருக்க முடியாது. "இது என்ன" என்று உங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். என் கட்சி இதுதான்: போனைத் திறந்தது எல்லை தாண்டியது.

"அவனே பாஸ்கோடு கொடுத்தான்" என்பார்கள். தயாராக இருங்கள், முதல் பதிலே அதுதான். இதில் நம் வளர்ப்பும் கொஞ்சம் வேலை செய்கிறது. பெரியவர்கள் கேட்டால் எதிர்த்துப் பேசாதே, எடுத்துக் கொடு என்றுதானே பழக்கியிருக்கிறோம்? இந்த ஊர்ச் சட்டத்தில் அந்தப் பணிவுக்குப் பெயர் சம்மதம். சம்மதம் என்றால் காரணமே தேவையில்லை. போலீஸ் அப்படிச் சம்மதம் கேட்டால், மறுக்கலாம் என்பது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தது என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும் என நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1975-லேயே சொன்னது. பள்ளி அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதை யாரும் சொல்லித்தருவதில்லை. நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியம் இது. "ஐ டு நாட் கன்சென்ட், பட் ஐ வில் நாட் ரெசிஸ்ட். ப்ளீஸ் கால் மை மதர்." எனக்குச் சம்மதமில்லை, ஆனால் தடுக்க மாட்டேன், அம்மாவைக் கூப்பிடுங்கள். சத்தம் போட வேண்டாம், பையைப் பிடித்து இழுக்க வேண்டாம், சட்டம் பேச வேண்டாம். அவர்கள் தேடினால் தேடட்டும், நியாயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்கோடு கேட்டால் அதே வாக்கியம். வீட்டில் நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தடவை சிரிப்பான். அந்த அறையில் தொண்டை அடைக்கும்போது பழகின வாய்தான் பேசும்.

அடுத்து, கையெழுத்துப் போட்ட அந்தத் தாள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்கு மிகவும் உறுத்துவது அதுதான். என்ன எழுதினான்? "பள்ளிக்குப் பவுடர் கொண்டுவந்தேன்" என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி அவனுடைய கோப்பில் உட்கார்ந்திருக்கும். பள்ளி ஆவணங்களைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கூட்டாட்சிச் சட்டத்தில் 45 நாள் கெடு, நியூ ஜெர்சி விதிகளில் 10 நாள். தப்பாகவோ தவறாகப் புரியும்படியோ இருப்பதைத் திருத்தச் சொல்லவும், மறுத்தால் உங்கள் விளக்கத்தைக் கூடவே வைக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. "அது கோயில் பிரசாதம், திருநீறு, சாம்பல்" என்று மூன்று வரி எழுதிக்கொடுங்கள். எச்சரிக்கையை நீக்கச் சொல்லுங்கள். எதற்கு எச்சரிக்கை? நெற்றியில் பூசும் சாம்பலுக்கா?

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி கொடுக்கும் எச்சரிக்கை குற்றத் தீர்ப்பு ஆகாது. சிறார் நீதிமன்றத்தில் வரும் தீர்ப்பைக்கூடக் குடிவரவுச் சட்டத்தில் தண்டனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்லை. புகார்க் கடிதம் எழுதியதற்காகக் கிரீன் கார்டு நிற்காது. ஆனால் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அந்த அறையில் போலீஸ்காரர் யாராவது இருந்தாரா? நியூ ஜெர்சியில் பள்ளிகளுக்கும் போலீஸுக்கும் ஒப்பந்தம் உண்டு, போதைப்பொருள் என்று சந்தேகம் வந்தால் தகவல் போகும். கிரீன் கார்டின் கடைசி விண்ணப்பத்தில், எந்தப் போலீஸ் அதிகாரியாவது எப்போதாவது கைது செய்தாரா, தடுத்து வைத்தாரா என்று ஒரு கேள்வி இருக்கிறது. மகனும் தன் பெயரில் அதைப் பூர்த்தி செய்ய வேண்டும். போலீஸ் இருந்திருந்தால் உங்கள் குடிவரவு வக்கீலுக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள். பையன் தானாக எழுந்து போக முடியாத நிலையில் போலீஸ் கேள்வி கேட்டால், உரிமைகளைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். அந்த நிலையில் இருந்தானா என்று முடிவு செய்யும்போது வயதையும் பார்க்க வேண்டும் என்று 2011-ல் தீர்ப்பு இருக்கிறது. போதை சம்பந்தமான எந்தக் காகிதத்திலும், "சும்மா ஃபார்மாலிட்டி" என்று சொன்னால்கூட, இனி வக்கீல் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். குடிவரவில் போதை விஷயமாக வாயால் ஒத்துக்கொண்டதே சில சமயம் தீர்ப்பு வந்த மாதிரி தொல்லை கொடுக்கும்.

வழக்குப் போடலாமா என்றால், நான் போட மாட்டேன். ரெடிங் வழக்கில் சோதனை சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தும், சட்டம் அன்றைக்குத் தெளிவாக இல்லை என்று சொல்லி அதிகாரிகளைத் தனிப்பட்ட பொறுப்பிலிருந்து விட்டுவிட்டார்கள். ஆறு வருடம் அலைந்த பெண்ணுக்கே அந்தக் கதி. ஆனால் கதவைச் சாத்தவும் வேண்டாம். அரசு அமைப்பின் மேல் நஷ்ட ஈடு கேட்பதாக இருந்தால் 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சிறுவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

"பவுடர்" என்று கூப்பிடுவதை மட்டும் ஆறப் போடாதீர்கள். விபூதியை வைத்துத்தான் அந்தப் பெயர் என்றால் அது மதத்தைத் தொட்ட கேலி. நியூ ஜெர்சியின் பள்ளித் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். எழுத்தில் புகார் கொடுத்தால் ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், பத்துப் பள்ளி நாளில் முடிக்க வேண்டும். வாயால் சொன்னால் "பார்க்கிறோம் மேடம்" என்பதோடு போய்விடும்.

வாசல் கதவுக்கு வருகிறேன். எல்லாரையும் ஒரே மாதிரி நிறுத்திப் பார்க்கும்வரை மெட்டல் டிடெக்டருக்குத் தனித்தனிச் சந்தேகம் வேண்டியதில்லை, நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. இந்தக் கருவிகளைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. செயற்கை நுண்ணறிவு ஸ்கேனர் என்று பள்ளிகளுக்கு விற்ற எவால்வ் நிறுவனத்தின் மேல் 2024-ல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. ஒரு பள்ளியில் ஏழு அங்குலக் கத்தியை விட்டுவிட்டதாம், லேப்டாப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கத்தியதாம். 2025 அக்டோபரில் பால்டிமோர் பக்கம், பள்ளிக் கேமரா ஒரு பையனின் காலி சிப்ஸ் பாக்கெட்டைத் துப்பாக்கி என்று சொல்லி, போலீஸ் வந்து விலங்கே மாட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் வெள்ளி அரைஞாண் எம்மாத்திரம்!

ஆனால் வரிசையில் சட்டையைத் தூக்கச் சொல்வது தேவையில்லாத வேலை. ஆண் ஊழியர் ஒருவர் ஓரமாக வைத்துக் கைக்கருவியால் சட்டைக்கு மேலேயே பார்க்கலாம். அப்படிச் செய்யச் சொல்லியும், இது எங்கள் வழக்கப்படி கட்டும் ஆபரணம் என்றும் முதல்வருக்கு எழுதினால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, வக்கீலாகச் சொல்லவில்லை, ஊர்க்காரனாகச் சொல்கிறேன்: கறுப்பு அரைஞாண் கயிறு. அதுவும் நம் வழக்கம்தானே? கத்தாது. எதைச் செய்வது என்று மகனே முடிவு செய்யட்டும், தினமும் அந்த வரிசையில் நிற்பவன் அவன்தான்.

சரி, கடிதம். ஒரு பக்கம் போதும், கோபம் வேண்டாம், முதல்வருக்கு எழுதிப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்கு (சூப்பரின்டென்டென்ட்) நகல் அனுப்புங்கள். பையைச் சோதித்ததைப் பற்றிப் பேசவே வேண்டாம். போனில் எதைத் தேடினார்கள், யார் பார்த்தார்கள், எதையாவது படம் எடுத்தார்களா, மகன் எழுதிய தாளின் நகல், எச்சரிக்கையை நீக்குவது, ஏன் சாயங்காலம் வரை சொல்லவில்லை என்று கேளுங்கள். கடைசியாக, அந்த இலை விபூதியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். குப்பையில் போட்டுவிட்டோம் என்றால், யார், எந்தத் தேதியில், ஏன் போட்டார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.